தகரத்தில் நான்

லெயோன், குவானஹுவாத்தோ, மெக்சிகோ
ஜனவரி 18, 2025

அன்புள்ள சேகர்,

முதலில் திட்டி முடித்துவிடு. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் தாண்டிப் பதில் வருகிறதென்றால் திட்டாமல் என்ன செய்வாய்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை நசீர் சொன்னான். அவன் கடைசியில் அந்த யெஸ்டியை விற்றுவிட்டானாமே! கோழி வாத்தியார் விஷயம் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் பேசுவோம்.

எழுதாததற்குக் காரணம் வயிறு. அக்டோபரில் ஒரு ராத்திரி சுருண்டு படுத்தேன். முதலில் போன இடத்தில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விடிவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. நீயும் அம்மாவிடம் உளறிவைக்காதே. இப்போது தேறிவிட்டேன். தோல் ஆலைக்குப் போகிறேன், அதே குரோம் நாற்றம், அதே தோல். ஆம்பூரை விட்டு வந்த மாதிரியே இல்லை, பிரியாணி ஒன்றைத் தவிர.

சொல்ல வந்தது வேறு. என்னைத் தகரத்தில் படமாக வரைந்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக்காரம்மா தோஞா லூப்பே, சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் மாதாவிடம் எனக்காக நேர்ந்துகொண்டிருக்கிறார். பையன் பிழைத்தால் ரெதாப்லோ, அதாவது தகரத்தில் வரைந்த படம், வைக்கிறேன் என்று. பிழைத்தேன். படம் வந்துவிட்டது. பத்துக்கு ஏழு அங்குலத் தகடு. இடது மூலையில் மேகத்துக்குள் மாதா, முக்கோணமாக விரிந்த அங்கியோடு. நடுவில் பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், அதில் நான். பக்கத்தில் தோஞா லூப்பே மெழுகுவத்தியோடு முழங்காலில். அடியில் நாலு வரி எழுத்து: இந்தியாவிலிருந்து வந்த 'வாஸ்கர்' சாகக் கிடந்தான், மாதாவிடம் ஒப்படைத்தேன், காப்பாற்றினாள், நன்றிக்காக இதை வைக்கிறேன். தேதி, ஊர், என்ன வியாதி, எல்லாம் உண்டு. இவர்களுக்கு ப-வும் வ-வும் ஒன்றுதான், அதனால் நான் இனி வாஸ்கர்.

கேலியின் உச்சம் இனிமேல்தான். ஓவியரிடம் 'இந்தியாக்காரன்' என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் தலைப்பாகை போட்டுவிட்டார்! தோஞா லூப்பே சண்டை போட்டு அழிக்க வைத்தார். மேலே பச்சை பூசியிருக்கிறார். ஆனாலும் சாய்த்துப் பிடித்தால் தலையைச் சுற்றி ஒரு வீக்கம் தெரிகிறது. கூர்ந்து பார்க்கிறவன் எனக்கு மண்டையிலும் ஆபரேஷன் என்றுதான் நினைப்பான்.

வரைந்தவர் யார் தெரியுமா? உன் ஜாதிக்காரர். நம் தெருமுனை டயர் கடை, ஜூஸ் கடைக்கெல்லாம் எழுத்து எழுதுகிற ஆள். இனாமல் டப்பா, அணில்மயிர் பிரஷ், காதில் சொருகிய பென்சில். ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று உன்னைப் போலவே புலம்புகிறார். 2022-ல் தலைநகரத்தில் குவாவ்தெமோக் வட்ட நிர்வாகம் தெருக்கடைகளில் கையால் எழுதிய பெயர்களையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒரே மாதிரி முத்திரை குத்தவைத்ததாம். அதைச் சொல்லும்போது அவர் விட்ட வசவுகளை மொழிபெயர்க்க நீதான் தகுதியானவன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 'அங்கே தகரத்தில் வரைந்த பழைய சாமிப்படம் கிடைக்குமாமே, கடையில் மாட்ட ஒன்று வாங்கி வா' என்று கேட்டிருந்தாய். கிடைக்கும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் விவகாரம்.

தகரப்படத்தில் ரெண்டு வகை. ஒன்று வீட்டுக்கு. மாதா, சூசையப்பர், விவசாயிகளின் புனிதர் இசிதோர், கையில் கூடையும் தடியுமாகக் குட்டி யாத்ரீகன் வேஷத்தில் அத்தோச்சா குழந்தை இயேசு. இதை வாங்கி வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். இன்னொன்று என்னைப் போட்ட மாதிரி நேர்த்திப்படம். நடந்ததை வரைந்து, எழுதி, கோயிலில் கொண்டுபோய் மாட்டுவது. முதல் வகையை வாங்கலாம். ரெண்டாவது வகை பழைய சாமான் கடையில் தொங்கினால், ஏதோ ஒரு கோயில் சுவர் காலியாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படித் திருடுபோய் இத்தாலியில் அகப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களைச் சில வருஷம் முன்பு அங்கத்திய போலீஸ் திருப்பிக் கொடுத்தது. 'என் பிள்ளை கிணற்றில் விழுந்து பிழைத்தான்' என்று ஒரு தாய் எழுதி வைத்ததை உன் கடையில் மாட்டி நாம் டீ குடிக்கவேண்டாம். சரியா?

முன்பெல்லாம் செப்புத் தகட்டிலும் துணியிலும் வரைந்தார்கள், பணக்கார வீட்டுச் சமாச்சாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய தகரம் மலிவாக இறங்கியது. பதினான்குக்கு இருபது அங்குலத் தகட்டைப் பாதியாக வெட்டு, பாதியைப் பாதியாக வெட்டு, அதுதான் அளவு. பெரும்பாலும் செங்காவி நிறத்தில் ஒரு அடிப்பூச்சு, மேலே எண்ணெய் வண்ணம். பட்டறையில் ஒரே மாதாவை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைவார்கள். கையெழுத்து கிடையாது. பெயர் தெரியாததால் ஆராய்ச்சிக்காரர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒருவர் 'தேனீ கொட்டிய உதட்டுக்காரர்', இன்னொருவர் வண்ணத்தை மிச்சம் பிடிக்கும் 'சிக்கனக்காரர்'. நமக்கு ஒரு பார்ட்டி ஞாபகம் வருகிறது இல்லையா, அம்பாசிடர் கார் போர்டு எழுதினபோது? நூற்றாண்டின் கடைசியில் அச்சடித்த கலர் படம் சந்தைக்கு வந்தது, இந்தப் பட்டறைகள் படுத்துவிட்டன. சிவகாசி காலண்டரைப் பற்றி உன் அப்பா சொன்ன வசனங்களை அங்கே போட்டுக்கொள். நேர்த்திப்படம் மட்டும் சாகவில்லை. உன் வீட்டுக் குடல்வாலை எந்த அச்சகம் அடித்துத் தரும்?

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புரீசிமா தெல் ரின்கோன் என்ற ஊர். ஹெர்மெனெகில்தோ புஸ்தோஸ் என்றொரு ஆள் அங்கே இருந்தார், 1832-ல் பிறந்து 1907-ல் செத்தவர். ஐஸ் விற்பார், தையல் தைப்பார், தச்சுவேலை செய்வார், நடுவே ஊர்க்காரர்களின் முகத்தையும் நேர்த்திப்படங்களையும் வரைவார். இன்று மெக்சிகோவின் பெரிய ஓவியர்களில் ஒருவராக வைத்துக் கொண்டாடுகிறார்கள். தன்னைத் தானே வரைந்த படத்தின் பின்பக்கம், தான் இந்த ஊர் இந்தியன் (நம்மைப் போல அல்ல, இங்கத்திய பூர்வகுடி) என்று எழுதி, '1891 ஜூன் 19-ல் என்னை வரைந்தேன், முடிகிறதா என்று பார்க்க' என்று முடித்திருக்கிறார். 'முடிகிறதா என்று பார்க்க'! உன் கடைக்குப் போர்டு வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்.

ஓவியர் ஃப்ரீடா காலோ கதை உனக்குப் பிடிக்கும். 1925-ல் அவர் போன பஸ்ஸில் டிராம் மோதி இடுப்பெலும்பு நொறுங்கியது. வருஷங்கள் கழித்து அதே மாதிரி பஸ்ஸும் டிராமும் மோதுகிற, யாரோ வைத்த நேர்த்திப்படம் ஒன்று கையில் கிடைத்தது. கீழே கிடந்த பெண்ணுக்குத் தன் கூட்டுப்புருவத்தைப் போட்டார், பஸ்ஸில் 'கோயோகான்' என்று ஊர்ப்பெயர் எழுதினார், தன் விபத்தாக்கிக்கொண்டார். நாத்திகக் கம்யூனிஸ்ட். அவரும் கணவர் தியேகோ ரிவேராவும் சேர்த்த நேர்த்திப்படங்கள் கோயோகானில் அவர்கள் வாழ்ந்த நீலவீட்டுச் சுவரில் இன்றும் இருக்கின்றன. (சரி, அவை எந்தக் கோயில் சுவரிலிருந்து வந்தன என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்கிறேன்.)

என் தலைவலி என்னவென்றால், பிப்ரவரி 2 கந்தெலாரியா திருவிழா. லெயோன் வழியாக ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே சான் ஹுவானுக்குப் போவார்கள். தோஞா லூப்பே பஸ்ஸில் போகிறார், படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. நானும் வரவேண்டுமாம். 'எனக்கு நம்பிக்கை இல்லையே' என்றேன். 'உன் நம்பிக்கையை யார் கேட்டார்கள்? நேர்ந்தது நான், கடன் என்னுடையது, நீ சாட்சி' என்கிறார். திடலில் நாம் கேட்ட எந்தப் பகுத்தறிவுக் கூட்டத்திலும் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

அந்தக் கோயிலுக்கு முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். மக்காச்சோளத் தண்டை அரைத்த பசையில் செய்த சின்ன உருவம்தான் மாதா. 1623-ல் கழைக்கூத்தாடிக் குடும்பத்துச் சிறுமி கத்திகள் மேல் விழுந்து செத்தாளாம், அந்த உருவத்தை நெஞ்சில் வைத்ததும் எழுந்தாளாம். கதையை நான் நம்பவில்லை. நேர்த்திப்படங்கள் இருக்கும் அறையில்தான் வாயடைத்துப் போனேன். ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் மூன்று தலைகள், அக்கரையில் டெக்சாஸ். பாலைவனத்தில் விழுந்து கிடப்பவன். விசா கிடைத்ததற்கு நன்றி என்று ஒட்டிய ஜெராக்ஸ். தோஞா லூப்பேயின் மகன் ஆற்றைக் கடந்து போனதற்கு அவரும் ஒரு படம் வைத்திருக்கிறார். மகன் சிகாகோவில் கூரை வேலை செய்கிறான். காகிதம் இல்லாததால் அப்பன் சாவுக்கு வரமுடியவில்லை. காகிதம் கிடைத்தால் இன்னொரு படம் என்று நேர்ந்து வருஷக்கணக்காகிறது, அது வரையப்படவே இல்லை. என்னைப் போட்ட தகடு அந்த வரிசையில் முந்திக்கொண்டுவிட்டது. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது, சேகர்.

போவேன் என்றுதான் நினைக்கிறேன். நசீரிடம் சொல்லாதே, சாகும்வரை ஓட்டுவான்.

இந்த அம்மா வீட்டு மாடத்தை நீ பார்க்கவேண்டும். கண்ணாடி டம்ளரில் எரியும் மெழுகு, புனிதர் யூதா ததேயுவின் பிளாஸ்டிக் சிலை, செத்த கணவரின் போட்டோ, நவம்பரில் செண்டுமல்லி (அதன் பூர்வீகமே இந்த நாடுதான், நம் கோயில் மாலைக்கு இங்கிருந்து வந்தது). அந்தோணியாரைத் தலைகீழாகக் கட்டி வைத்திருக்கிறார், அக்கா மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்கும்வரை. உனக்கும் சேர்த்து வேண்டச் சொல்லட்டுமா?

நடுவில் பாட்டி காலத்துத் தகரப்படம் ஒன்று, அடைக்கல மாதா; நம் ஏலாக்குறிச்சியில் கும்பிடுகிற அதே பெயர். 1926-ல் அரசாங்கத்தோடு மோதல் முற்றிப் பாதிரிமார் பூசையை நிறுத்தினார்கள், 1929 வரை. அந்த வருஷங்களில் இந்தப் படத்தின் முன்னால்தான் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் சொன்னார்களாம். சோதனைக்கு ஆள் வந்தால் மாதா மக்காச்சோள மூட்டைக்குள் போய்விடுவாள். மாதாவுக்கு வாய் சிறுத்து உப்பியிருக்கிறது. தேனீக்காரர் கைவேலையோ என்று எனக்கு ஒரு ஆசை.

உன்னிடம் தொழில் விஷயமாக ஒரு கேள்வி. அந்தப் படத்தில் கீழ் ஓரம் துருப்பிடித்து வண்ணம் செதில் செதிலாக எழும்புகிறது. தோஞா லூப்பே சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கிறார், பளபளக்கிறதாம். மெழுகுப் புகையும் எண்ணெயும் சேர்ந்து கறுத்துக்கொண்டே வருகிறது. நான் சொன்னால் கேட்கமாட்டார். 'இந்தியாவில் என் நண்பன், தகரத்தில் முப்பது வருஷம் எழுதியவன்' என்று உன்னைப் பற்றி ஏற்கெனவே அளந்துவிட்டேன், உன் பேச்சென்றால் எடுபடும். என்ன செய்யவேண்டும், முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று உடனே எழுது. வார்னிஷ் அடிக்கலாம் என்று அந்தத் தலைப்பாகை ஓவியர் டப்பாவோடு அலைகிறார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
பாஸ்கர்