மோல்மீன் (மியான்மர்) காட்டுத் தேவாங்கு

மோல்மீன்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி படிப்பை முடித்த செய்தி இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். மழை ஒருவழியாக விட்டது, ரப்பர் பால் வெட்டும் தொடங்கிவிட்டது. தங்கச்சி மகனுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை தனியே வரும்.

கரூர், திண்டுக்கல் பக்கத்துக் கடவூரில் 2022இல் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்கென்றே ஒதுக்கியது பெரிய காரியம்தான். ஆனால் "உங்கள் ஊரில் இருப்பதும் இதுதானே" என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா. உங்கள் பக்கத்துத் தேவாங்கு கால் கிலோ சுமார். குச்சிக் கைகால், பூச்சிதான் முக்கிய உணவு. இங்கே இருப்பது வங்கத் தேவாங்கு. ஒன்றிலிருந்து இரண்டு கிலோ தேறும். உருண்டை உடம்பு, முதுகில் பழுப்புக் கோடு, வால் இருப்பதே தெரியாது.

இதற்குப் பூச்சியும் பழமும் பூந்தேனும் உண்டு என்றாலும், குளிர்காலத்தில் மரப்பிசின்தான் சோறு. கீழ்த்தாடையின் ஆறு முன்பற்களும் சீப்பு மாதிரி முன்னால் நீட்டிப் படுத்திருக்கும். பட்டையைக் கீறிவிட்டுக் கசிவதை நக்கும். தான்றி மரத்தில் புதுக் கீறல்களும் ஈரமான பிசினும் கண்டால் அந்த மரத்தைக் குறித்துவைத்துக்கொள், திரும்பவும் வரும். தேடும்போது விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டு. வெள்ளை வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண் ஒரே இடத்தில் நின்று எரிந்தால் அதுதான். மரநாயென்றால் அதற்குள் நாலு கிளை தாண்டியிருக்கும்.

மெதுவாகப் போவதைப் பார்த்துச் சோம்பேறி என்கிறார்கள். அதே எடையுள்ள மற்றப் பாலூட்டிகள் செலவழிக்கும் சக்தியில் பாதிகூட இதற்கு ஆகாது. பிசினில் கிடைப்பதும் அவ்வளவுதான். கையைக் கவனி: ஆள்காட்டி விரல் மொட்டையாகக் குறுகி, பெருவிரல் நேர் எதிரே விரிந்து, கிளையை இடுக்கிபோல் பிடிக்கும். கைகால்களில் ரத்தக்குழாய்கள் பின்னலாக இருப்பதால் மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் மரத்துப்போகாது. ஒரே குறை, தாவத் தெரியாது. கிளையோ கொடியோ தொடர்ந்து இருந்தால்தான் அடுத்த மரம். கொடியெல்லாம் வெட்டித் துப்புரவாக வைத்த தோட்டத்தில் தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே நாய் காத்திருக்கும். ஜாவாவில் தண்ணீர்க் குழாயை மரத்துக்கு மரம் கட்டிவிட்டார்கள், அங்குள்ள தேவாங்குகள் அதில் ஏறிப் போகின்றன. நம் தோட்டக்காரர்களுக்கும் இது பெரிய செலவில்லை.

அந்தக் காணொளிக்கு வருகிறேன். 2009 முதல் இணையத்தில் சுற்றுகிறதே, கிச்சுக்கிச்சு மூட்டினால் தேவாங்கு கையைத் தூக்குவது. பேரன் ரசித்ததாக எழுதியிருந்தாய். அது ரசிக்கவில்லை, பயப்படுகிறது. முழங்கையின் உட்புறம் ஒரு சுரப்பி இருக்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் அது வாய்க்கு எட்டும். அந்த எண்ணெய் எச்சிலோடு சேர்ந்தால் நஞ்சு. கடித்தால் வீக்கம், சீழ், ஆறாத புண். சிலருக்கு ஒவ்வாமை அதிர்ச்சியாகி மூச்சே அடைக்கும். பூனை ஒவ்வாமைக்குக் காரணமான புரதத்துக்கு நெருங்கிய உறவு அதிலுள்ள புரதம். தாய் இரை தேடப் போகும்போது குட்டியை நக்கி அந்த எச்சிலைப் பூசிக் கிளையில் விட்டுப்போகும். ஆறு மாதத்துக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். அதனால்தான் பிடித்து விற்பதை இந்த இனம் தாங்காது.

கடிக்கும் என்பதால் விற்பவர்கள் நகம்வெட்டியால் பல்லை நறுக்குகிறார்கள். ஈறு அழுகும், சீழ் தாடைக்குப் பரவும். பிழைத்தாலும் பட்டையைக் கீற முடியாது, காட்டில் திரும்ப விட்டால் பட்டினிதான். 2007இல் உலக வணிகத்துக்கே தடை வந்தும் இங்கே சீன எல்லையிலுள்ள மோங்லா சந்தையில் விற்றார்கள். வாங்கியவர்கள் வாழைப்பழமும் சோறும் கொடுப்பார்கள். பல் சொத்தை, உடம்பு பெருத்து நோய். மீட்பு மையங்களில் வேலம்பிசின் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கிளைத் துளைகளில் அடைத்து, கூடவே வெட்டுக்கிளி, காய்கறி கொடுப்பார்கள். பழம் கொஞ்சமே.

பேரன் இப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டானாமே, கையை ஏன் தூக்குகிறது என்று முதலில் சொல்லு. அடுத்த கடிதத்தில் கடவூர்த் தேவாங்கு வேலமரத்தில் அதிகமா, கள்ளிப்புதரில் அதிகமா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
முருகையா