வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய மெழுகுவர்த்திகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில், மரம் ஜோடிப்பதும், அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம்) வளையத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் ஆங்கிலேயர் நமக்குப் பழக்கிவிட்டவை என்று ஒரு கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாற்றில், லுத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நவம்பர் கடைசியில் அப்பா மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, சுற்றிலும் சவுக்குத் தழை செருகுவார். மேலே நான்கு மெழுகுவர்த்தி. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றுவோம். நாலாம் ஞாயிறு வரும்போது முதல் வர்த்தி கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருக்கும், கடைசி வர்த்தி முழு உயரத்தில் நிற்கும். பார்க்கப் படிக்கட்டு மாதிரி இருக்கும். "இன்னும் எத்தனை நாளுப்பா?" என்று கேட்டால், "வர்த்தியைப் பாரு, தெரியும்" என்பார்.

அந்த வளையம் பிறந்ததே இந்தக் கேள்வியால்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்தவர் யோஹான் ஹின்ரிஷ் விக்கர்ன். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் அவரைத் துளைத்தெடுத்தார்கள். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்தி நான்கும், மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு வர்த்திகளும் வைத்தார். நாளுக்கு ஒன்று கூடும். எண்ணத் தெரியாத குழந்தைகூட வெளிச்சத்தைப் பார்த்து நாளைத் தெரிந்துகொள்ளும். தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்காகச் செய்தது இது. அந்தச் சக்கரம்தான் பிற்பாடு நாலு வர்த்தியாகச் சுருங்கி வீடுகளுக்கு வந்தது.

மரமும் அப்படித்தான். இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் அன்று ஜெர்மன் பேசிய ஊர். அங்கே கூடத்தில் மரம் நிறுத்தி, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதாக 1605-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1800-ல் விண்ட்சரில் மரம் வைத்த ராணி சார்லட், ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில் பிறந்தவர். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டும் ஜெர்மானியர். அவர்கள் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஆங்கிலேயர் வீடுகளில் வழக்கம் பரவலாயிற்று. அவர்களுக்கே அது இரவல்.

எங்கள் பக்கத்துக்கு லண்டன் வழியும் தேவைப்படவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் அரசர். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஐயர்மார் (பாதிரியார்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வந்தார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மானியரான பப்ரிஷியஸ் ஐயர் ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கினார். கோயிலில் நாங்கள் பாடிய ஞானப்பாட்டுகளில் சொல் தமிழ், மெட்டு ஜெர்மன். சிறுபிள்ளையில் அது தெரியாது. எங்கள் ஊர்ப் பாட்டு என்றே நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். அதில் விக்கர்னின் பெயர் அவசியம் இருக்க வேண்டும். அப்பா கட்டிய மூங்கில் வளையம் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பொறையாறு