மாப்பிள்ளை பேன்ட்டில் கை துடைத்ததைப் பார்த்தேன்

அம்முணி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாயே, அதில் எனக்கு மனதில் நின்றது இரண்டுதான். ஒன்று, ஜன்னலோரம் காய்ந்துபோய் நின்ற கறிவேப்பிலைச் செடி. இன்னொன்று பாத்ரூம். கம்பியில் லேஸ் வைத்த டவல் மூன்றை வரிசையாகத் தொங்கவிட்டு "நல்லா இருக்காப்பா?" என்று நீ கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பின்னால் மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு, அந்த டவல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனார். நான் சிரித்தேன். எதற்கென்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன்.

அவரைக் குற்றம் சொல்லாதே. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்தபோதும் இப்படித்தான் செய்தார். உன் அம்மா பெட்டியிலிருந்து குரோஷா லேஸ் வைத்த வெள்ளைத் துண்டை எடுத்து வாஷ்பேசின் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். மனுஷன் கையை உதறிக்கொண்டே வந்து சாப்பிட உட்கார்ந்தார். அந்தத் துண்டில் கை துடைக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். துண்டைப் பார்த்து ஆள் பயந்தால் தைத்தவர் தப்பு என்று நான் அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் மூன்று நாள் பேசவில்லை.

இப்போது நீயும் மெஷின் வாங்கிவிட்டாய். மூன்று டவல் அறுபது டாலருக்கு வாங்கியது போதும், இனி நானே தைத்துக்கொள்கிறேன், எப்படி என்று சொல்லுங்கள் என்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா பாதியில் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் கடையில் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தவன் டவலைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைக்காதே. ஈரோட்டில் கல்யாண சீசனில் சீர்வரிசைத் தட்டில் வைக்கிற துண்டுக்குக் கரை கட்டித் தந்தது எத்தனையோ.

முதலில் துண்டு. சாதாரண, எந்த அலங்காரமும் இல்லாத, முழுப் பருத்தித் தேங்காய்ப்பூ துண்டாக வாங்கு. துருவின தேங்காய் ஒட்டின மாதிரி இரண்டு பக்கமும் நூல் வளையம் நிற்கிறதே, அந்த வளையம்தான் தண்ணீரைக் குடிக்கிறது. (டர்க்கி டவல் என்று நம் ஊரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கியில் இந்த வளையத் துணியைப் பார்த்துவிட்டுப் போய், தங்கள் குடும்ப மில்லில் நெய்து, 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள்.) அலங்காரம் என்று நாம் எதை ஒட்டினாலும் அந்த இடத்தில் வளையம் மூடிக்கொள்ளும், அங்கே துண்டு தண்ணீர் குடிக்காது. உன் கம்பியில் தொங்குவதைப் பார், பாதித் துண்டுக்கு சாட்டின் துணியும் லேஸும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் கை துடைக்க வேண்டும், அதையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறாய்.

வாங்கும்போது லேபிளில் ஜிஎஸ்எம் பார், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 400 முதல் 500 வரை இருந்தால் போதும். 600, 700 என்று போனால் ஹோட்டல் டவல் மாதிரி புசுபுசுவென்று இருக்கும், ஆனால் ஓரத்தில் மடிப்போடு சேர்த்து உன் சின்ன மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழையாது. கை துடைக்கிற அளவு 16க்கு 28 அங்குலம் பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்திலிருந்து நாலைந்து விரல் தள்ளி, வளையம் இல்லாமல் பட்டையாக ஒரு கரை நெய்திருப்பார்கள், அது இருக்கிற துண்டாகப் பார்த்து எடு. நம்முடைய வேலையெல்லாம் அந்தப் பட்டையின் மேல் மட்டும்தான். அதைத் தாண்டாதே.

வாங்கிய அன்றே தைக்க உட்காராதே. துண்டையும் மேலே வைக்கப் போகிற துணியையும் தனித்தனியாக இரண்டு தடவை துவைத்துக் காயப்போடு. அங்கே டிரையரில்தான் போடுவாய் என்றால் இப்போதும் டிரையரிலேயே போடு. 16 அங்குலத் துண்டு முதல் துவைப்பிலேயே ஒரு அங்குலம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ரிப்பன் சுருங்காது, துண்டு சுருங்கும், அப்புறம் தைத்த இடம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளியும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்குகிற திரவம் எதுவும் ஊற்றாதே. மெழுகு மாதிரி நூலில் படிந்துகொள்ளும், துண்டு தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீர் மேலேயே ஓடும்.

சாயம் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நான் அடிபட்டவன். நீ ஆறாவது படிக்கும்போது என்று நினைக்கிறேன், ஒரு கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளைத் துண்டு, எல்லாவற்றுக்கும் அரக்குக் கரை. துணி கொடுத்த கடைக்காரர் சாயம் போகவே போகாது என்று சத்தியம் பண்ணினார், நானும் நம்பித் துவைக்காமல் தைத்துவிட்டேன். முதல் துவைப்பில் பன்னிரண்டும் ரோஜாப்பூ நிறம். பெண்ணின் அம்மா எதுவும் பேசவில்லை, துண்டுகளைப் பையோடு கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம்: கரைத் துணியில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணி இரண்டுக்கு நடுவில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவேன். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று உன் அம்மா சொல்வாள். இன்றைய சாயத்துக்கு அதெல்லாம் எடுபடுவதில்லை, நான் பார்த்துவிட்டேன்.

கரைக்கு என்ன வைப்பது? கடையில் ரிப்பன் வாங்காதே, பழைய பருத்திச் சேலையின் கரையைவிட நல்ல துணி இதற்குக் கிடையாது. எத்தனையோ முறை துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய் நிற்கிற துணி அது. ஜரிகை உள்ளது வேண்டாம், ஈர முகத்தில் உரசினால் கீறும். பட்டையின் அகலத்துக்கு மேல் இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டி, அந்த அரை அங்குலத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டுவிடு. நீளத்திலும் இரண்டு முனையில் அதே போல. பட்டையின் மேல் வைத்து முதலில் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு நிறுத்து. குண்டூசி மட்டும் குத்தினால் போதாது, பட்டையின் மேல் துணி வழுக்கி நடுவில் கோணிக்கொள்ளும்.

மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடு. மெல்லிய துணிக்குப் போடுகிற 11 உடைந்து கண்ணில் தெறிக்கலாம். தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். இரண்டு நீளப் பக்கத்தையும் ஒரே திசையில் தை, இதை மட்டும் மறக்காதே. ஒரு பக்கம் இடமிருந்து வலம், இன்னொரு பக்கம் வலமிருந்து இடம் என்று வந்தால் மேல் துணி முறுக்கிக்கொண்டு நடுவில் சாய்வாகச் சுருக்கம் விழும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் என்னவோ சரியில்லை என்று தெரியும். பாதத்தின் விரலில் வளையம் மாட்டி இழுத்தால் மேலே பட்டர் பேப்பரை ஒரு பட்டையாக வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடு. செய்தித்தாள் வைக்காதே, மை ஒட்டும். தைத்து முடித்ததும் பாபின் கேஸைக் கழற்றிப் பார், பஞ்சு உருண்டையாகச் சேர்ந்திருக்கும். துடைத்துவிடு; மெஷினோடு வந்த புத்தகத்தில் எண்ணெய் விடச் சொல்லியிருந்தால் மட்டும் ஒரு சொட்டு விடு. புது மெஷின் என்று விட்டுவிட்டால் மூன்றாவது டவலிலேயே நூல் அறும்.

எங்காவது ஒரு வளையம் மட்டும் வெளியே நீண்டுவிட்டால் இழுக்காதே, கத்தரியால் ஒட்ட வெட்டிவிடு. இது பின்னின ஸ்வெட்டர் இல்லை, நெய்த துணி. ஒன்றை வெட்டினால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகாது.

பெயரின் முதலெழுத்தைப் பூத்தையல் போட வேண்டும் என்றாயே. வளையத்தின் மேல் நேராகப் போட்டால் நூல் உள்ளே அமுங்கி, எழுத்து பாதி தெரியும் பாதி தெரியாது. தனியாக ஒரு சின்ன பருத்தித் துணியில் சங்கிலித் தையலில் எழுத்தைப் போட்டு, அதைச் சுற்றி காஜாத் தையல் போட்டு டவலில் ஒட்டு. டவலிலேயே நேராகப் போட ஆசை என்றால், அங்கே துணிக்கடையில் தண்ணீரில் கரைகிற ஒரு மெல்லிய தாள் கிடைக்கும், அதை மேலே வைத்துத் தைத்துவிட்டு நனைத்தால் தாள் கரைந்துபோய்த் தையல் மட்டும் மேலாக நிற்கும். அது நல்ல சரக்குதான். எங்கள் காலத்தில் இல்லை.

இதெல்லாம் இல்லாமல், தையலே இல்லாத அலங்காரம் ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் போய் உனக்கு ஆறு ஈரிழைத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். மெல்லியது, அந்தக் குளிரிலும் வெயிலில்லாமல் வீட்டுக்குள்ளேயே சீக்கிரம் காயும். இரண்டு முனையிலும் பாவு நூல், அதாவது நீளவாட்டில் ஓடுகிற நூல், வெட்டாமல் தொங்குகிறது. அதில் பத்துப் பத்து இழையாக இரண்டு கொத்து எடுத்து, இரண்டையும் தனித்தனியாக வலப்பக்கம் இறுக்கி முறுக்கு, பிறகு இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்கிக் கீழே ஒரு முடிச்சு. கையை விட்டாலும் பிரியாது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். டிவி பார்த்துக்கொண்டே ஒரு மாலையில் ஒரு துண்டு முடித்துவிடலாம். குஞ்சம் தொங்குகிற துண்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, மாப்பிள்ளை உட்பட.

மஞ்சள்தூள் கறை பட்டால் பதறாதே. சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறும், கறை அதிகமானதாகத் தோன்றும், அது மஞ்சளின் குணம். அலசி, ஜன்னலில் வெயில் விழுகிற இடத்தில் இரண்டு மூன்று நாள் போடு, தானாக வெளிறிவிடும்.

உன் அம்மா தன் பங்குக்குப் பழைய பச்சைச் சுங்குடிச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள், கரையை வெட்டிப் பார்சலில் வைக்க வேண்டுமாம். கத்தரியை எடுத்துவிட்டாள், நான்தான் பிடுங்கி வைத்திருக்கிறேன். நீ வாங்கப் போகிற டவலில் அந்தப் பட்டை எத்தனை அங்குல அகலம் என்று அளந்து வாட்ஸாப்பில் போடு. கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்லாதே, டேப் வைத்து அள. அது வரும்வரை சேலை என் பெட்டியில்தான் இருக்கும்.

அப்பா