இறக்குவதையும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த வீரர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி, விளையாட்டுப் பக்கத்தில் வராத மாதமில்லை. எத்தனை வாரம் ஓய்வு என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தத் தசை எந்தக் கணத்தில் கிழிகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தக் காலுக்கு பிரேக் போடுகிறது. பெரும்பாலும் கிழிவது அப்போதுதான். ஆனால் ஜிம்மில் வீரர்கள் பழகுவதோ தசையைச் சுருக்கி எடையைத் தூக்குவதை மட்டுமே. இறக்கும்போது எடையைத் தொப்பென்று விட்டுவிடுகிறார்கள். நீண்டபடியே சுமை தாங்கும் திறனை வளர்ப்பதுதான் எக்சென்ட்ரிக் பயிற்சி.

தூக்க முடிந்ததைவிட அதிக எடையைத் தசையால் நிதானமாக இறக்க முடியும். மூச்சும் அவ்வளவு வாங்காது. 1952-ல் இரண்டு சைக்கிள்களைச் சங்கிலியால் பிணைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் அதைத் தடுக்க வேண்டும்; அதாவது தடுப்பவரின் தசை நீண்டபடியே சுமை தாங்கும். தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பின்தொடைக்கான நார்டிக் பயிற்சிக்கு ஒரு மெத்தையும் ஒரு துணையும் போதும். மெத்தையில் மண்டியிட வேண்டும். துணைவர் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு முன்னோக்கி மெல்லச் சாய வேண்டும். தாங்க முடியாத இடம் வந்ததும் கைகளை ஊன்றி விழலாம். எழும்போது கையால் தள்ளி எழுந்தால் போதும்; பலன் இறங்குவதில்தான். பலரும் செய்யும் தவறு இடுப்பை மடக்குவது. அப்படிச் செய்தால் உடல் சாய்வதுபோலத் தெரியும், பின்தொடைக்கு வேலை குறைந்துவிடும். பக்கவாட்டில் நின்று பார்க்கும் பயிற்சியாளருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு அளவில் நடக்கிறது. முதல் நாளே மூன்று செட் (சுற்று), பத்துப் பத்தாகச் செய்ய வைத்துவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் படியிறங்க முடியாமல் வலிக்கிறது. 'இது நமக்கு ஒத்துவராது' என்று கைவிட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 முறை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 செட். பிறகு 3 செட், 6 முதல் 8 முறை என்று மெல்ல ஏற்றலாம். ஒருமுறை வலித்துத் தேறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. தசையின் இந்தக் குணத்தை நம்பித்தான் சிறிதாகத் தொடங்கச் சொல்கிறோம். வலியோடு வீக்கமும், சிறுநீர் கருஞ்சிவப்பாகவும் போனால் அது சாதாரண வலி அல்ல. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கெண்டைக்காலுக்குப் படி விளிம்பு போதும்: இரு காலால் எழும்பி, ஒரு காலால் இறங்குவது. எடையோடு குந்தி எழும் ஸ்குவாட்டில் இறங்க 4 விநாடி எடுத்துக்கொள்ளலாம். அப்போது வழக்கமான எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. தூக்கவே முடியாத எடையை இறக்கப் பழகுவது, பல ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும், இருபக்கமும் ஆள் நிற்கும்போது மட்டும்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில் வேண்டாம். அதற்காக, போட்டிக் காலம் தொடங்கியதும் அடியோடு நிறுத்திவிடுவதும் தவறு. பல வாரப் பயிற்சியில் நீண்ட தசை இழைகள், விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். வாரம் ஒருமுறை, 4 முறை வீதம் 2 செட் செய்தால்கூடப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளலாம். கால்பந்து அணிகளில் நடந்த ஆய்வுகளில், நார்டிக்கை விடாமல் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

காயச் செய்தி எழுதும் உங்கள் நிருபர்கள், அந்த அணி இதை வாரம் எத்தனை நாள் செய்தது, கடைசியாக எப்போது செய்தது என்றும் கேட்டு எழுதும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உடற்திறன் பயிற்றுநர்கள் சிலர்