மீம் வரையும் பிள்ளைகளுக்கு ஒரு மூலை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் மீம் போட்டு ஒருவரையொருவர் கேலி செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: போனைப் பிடுங்கு. நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள்தான் எனக்கு வகுப்பு. அந்த நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீம் செய்யக் கற்றுத் தருகிறேன். பிடுங்குவதைவிட இதில் பலன் இருக்கிறது என்பதால் இந்தக் கடிதம்.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. கொட்டாவி விடும்போதோ, சாப்பிடும்போதோ, அழும்போதோ கூடப் படிப்பவரை ஒரு போட்டோ எடுக்கிறார்கள். முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்கிவிடுகிறார்கள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு அந்த முகம்தான். இப்படி ஸ்டிக்கரான ஒரு பெண் மதியச் சாப்பாட்டு வரிசைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். செய்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், "எல்லாரும் சிரிச்சாங்க சார்" என்றான். பொய் சொல்லவில்லை அவன். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் முகம் வாடிப் போனதை மட்டும் அவன் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்தது ஒரு திரை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கிஸ்லேன் ராசா என்ற மாணவன் 2002-ல் தன் பள்ளியில் தனியாக ஒரு கம்பை வாள்போலச் சுழற்றி விளையாடி, அதை வீடியோ எடுத்து வைத்திருந்தான். கூடப் படித்தவர்கள் கையில் அது சிக்கி, அடுத்த வருடம் இணையத்துக்குப் போனது. உலகமே பார்த்துச் சிரித்தது. அவனால் அந்தப் பள்ளியில் தொடர முடியவில்லை. குடும்பம் வழக்குப் போட்டு, 2006-ல் சமரசமாக முடிந்தது. செத்துப் போ என்றுகூடத் தனக்கு எழுதினார்கள் என்று வளர்ந்த பிறகு அவரே சொன்னார். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போனும் வாட்ஸ்அப்பும் வருவதற்கு முன்பே நடந்தது இது. போன் இல்லாமல் போனால் கேலியும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பயமும் உண்டு. இங்கே கேலி நிறத்தில் தொடங்கும், அப்பாவின் தொழிலுக்கு வரும், சீக்கிரமே சாதியில் போய் நிற்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு மீம் காரணமில்லை. ஆனால் வெட்டுக்கு முன்னால் பள்ளியில் தொந்தரவு இருந்தது. சிரிப்புதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கற்றுத் தருவது எதை? எங்கள் பள்ளித் தமிழையாதான் எனக்கு வழி காட்டினார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு எதிலிருந்து பிறக்கும் என்று சொல்லியிருக்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப." இந்த நான்கில் அடுத்தவரை இகழ்வது ஒன்றுதான். மீதி மூன்றும் குழந்தைத்தனம், ஒன்றும் தெரியாமை, சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. இந்த மூன்றும் நம் எல்லாரிடமும் இருக்கிறது, யார் முகத்தையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் வரைய உட்காருகிறோம்.

முதல் கட்டளை, போட்டோ கூடாது. சினிமாக் காட்சியும் வேண்டாம் என்கிறேன். வடிவேலுவும் கவுண்டமணியும் செந்திலும் எனக்கும் உயிர்தான். ஆனால் பிள்ளைகள் எடுக்கும் காட்சிகளில் பாதியில் யாரோ யாரையோ அடிக்கிறார்கள், அல்லது ஒருவர் தலையையோ நிறத்தையோ சொல்லித் திட்டுகிறார்கள். அந்தக் காட்சியில் வகுப்புத் தோழன் பெயரைப் போட்டால், அடியும் சேர்ந்து அவன் மேல் விழுகிறது. வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு அதே வடிவேலுதான் சாட்சி. 2019 மே மாதக் கடைசியில், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று முகநூலில் யாரோ கேட்க, இதுதான் ('பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த) காண்டிராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று நம்மாள் ஒருவர் பதில் சொல்ல, அவர் இப்போது நலமா என்று இன்னொருவர் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி ட்விட்டரே நிரம்பியது. ஊரே சேர்ந்து சிரித்தது, ஒருவர் மனதும் நோகவில்லை. படத்தில் வரும் ஒரு ஆளுக்காக எல்லாரும் கவலைப்பட்டதுதான் அங்கே நகைச்சுவை. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

எனவே எல்லாம் கையால்தான். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம், ஸ்கெட்ச் பேனா. முகம் வரையத் தெரியாது என்பவர்களுக்கு ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு போதும். புருவத்தை உள்பக்கமாகச் சாய்த்தால் கோபம், வெளிப்பக்கமாகச் சாய்த்தால் பாவம். இதைத் தெரிந்துகொண்டதும் ஒரு பையன் கரும்பலகை, டஸ்டர், செருப்பு என்று எல்லாவற்றுக்கும் புருவம் போட ஆரம்பித்துவிட்டான். எழுத்து அதிகம் போனால் இரண்டு வரி. படம் சொல்வதையே வசனமும் சொல்லக்கூடாது. சிரிப்பு வரவேண்டிய சொல்லைக் கடைசியில் வை, அதற்குப் பின்னால் ஒன்றும் எழுதாதே. நம் மொழியில் இது எளிது, வாக்கியம் எங்கே போகிறது என்று முடியும்வரை தெரியாது.

பிள்ளைகள் வரைந்தவற்றில் சிலவற்றைச் சொல்லவேண்டும். இரண்டு வீடு, இரண்டு வாசல், இரண்டு அம்மா. இருவரும் எதிர்வீட்டைக் கைகாட்டி, "அந்தப் புள்ளயப் பார்த்துக் கத்துக்கோ" என்கிறார்கள். வரைந்த பெண்ணின் அம்மா அதை வாங்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு அம்மாவிடம் காட்டினாராம். இன்னொன்று, வகுப்பறை மின்விசிறி பேசுகிறது: "ஒன்றில் வை, ஐந்தில் வை, எனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சுற்றுவேன்." எல்லாரும் மிகவும் சிரித்தது மழை லீவு மீமுக்கு. முதல் கட்டத்தில் இரவு, இடி, மின்னல், கலெக்டர் லீவு விடுவார் என்று வீட்டுப்பாடம் எழுதாமல் போர்த்திக்கொண்டு தூங்கும் பையன். இரண்டாம் கட்டத்தில் பளிச்சென்று வெயில். தலைமாட்டில் நோட்டுப் புத்தகம் உட்கார்ந்து, "என்ன தம்பி, நல்ல தூக்கமா?" என்று கேட்கிறது. நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளை இதில் இல்லை?

நிஜ மனிதர் யாராவது மீமில் வந்தால், வரைந்தவர் அதை முதலில் அவரிடமே நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் சிரித்தால் நோட்டீஸ் போர்டுக்கு வரும். லேசாகச் சிரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் வராது. எது நிஜச் சிரிப்பு, எது சமாளிப்பு என்று பார்த்தே கண்டுபிடிக்க இதில் பழகிவிடுகிறார்கள், ஓவியம் கற்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தலைமையாசிரியரை வரைந்த படமும் இப்படித்தான் அவரிடம் போனது. மூக்குக் கண்ணாடியை மட்டும் இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி அனுப்பினார். உடம்பு, நிறம், சாதி, மார்க், வீட்டின் வறுமை, இவை எப்போதும் கிடையாது. கேட்டுப் பார்க்கவும் அனுமதி இல்லை.

இணையத்தில் எதையும் போடுவதில்லை. போர்டின் முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்று படிக்கும்போது, வரைந்தவரும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார். யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது. போனில் இது நடக்க வழியில்லை.

தங்களிடம் கேட்பது இதுதான். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், பிள்ளைகள் கையால் வரைந்த மீமுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம். பரிசு என்றால் பெரியவர்கள் வரைந்து கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் தேன்சிட்டு இதழிலும் இதற்கு இடம் கிடைத்தால் ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்கலாம். பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளை ஒரு மீமைக் காட்டினால் "போனை வை" என்று சொல்வதற்கு முன், "இதில் இருப்பது யார், அவர் பார்த்தாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாங்கள் சம்மதித்தால் எங்கள் போர்டில் இருப்பவற்றைப் பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டிலும் கேட்டுவிட்டு அனுப்பிவைக்கிறேன். காலண்டர் தாள் என்பதால் பின்பக்கத் தேதிகள் லேசாகத் தெரிகின்றன. அச்சில் அது மறையுமா, அல்லது வெள்ளைத் தாளில் மறுபடி வரையச் சொல்லட்டுமா என்று தங்கள் ஓவியப் பிரிவினர் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்