தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் தமிழ் விளக்கப் பலகைகள் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வரலாற்று ஆசிரியர்கள் மற்றும் மரபு நடை வழிகாட்டிகள்,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை – தமிழ் விளக்கப் பலகைகள் அமைத்தல் – வாசகமும் அமைப்பு முறையும் பரிந்துரைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு: டென்மார்க் போன்ற சின்ன நாடு இவ்வளவு தூரம் வந்து, 225 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது? 1620, 1845 என்று ஆண்டுகளை மட்டும் கல்லில் வெட்டினால் இதற்கு விடை கிடைக்காது. ஐந்து பலகைகளில் அந்த விடையைச் சொல்லிவிடலாம். அவற்றை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நுழைவாயில் பலகையில் இந்த இடம் போரில் பிடிக்கப்பட்டதல்ல, ஒப்பந்தத்தில் கிடைத்தது என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். 1616-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, 1618-இல் ‘ஓரெசுண்ட்’ கப்பலை முன்னே அனுப்பியது. பின்னால் ஓவே ஜெட்டே தலைமையில் மற்றக் கப்பல்கள் கிளம்பின. நோயில் பலரை வழியிலேயே பறிகொடுத்து, 1620 மே மாதம்தான் அவர் இலங்கையை அடைந்தார். அதற்குள் ஓரெசுண்டைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் கடலில் அழித்துவிட்டனர். தப்பிக் கரையேறிய அக்கப்பலின் தலைவர் ரோலண்ட் கிராப்பே, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் கொண்டுசெல்லப்பட்டார். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் கை ஓங்கியிருந்த நேரம் அது. துணி வாங்க இன்னொருவர் வருவது நாயக்கருக்கும் லாபம். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னேட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் அசல் அளவுப் படத்தைக் கேட்டு வாங்கி, கீழே எழுத்துக்கு எழுத்து வாசிப்பையும் இன்றைய தமிழில் பொருளையும் தர வேண்டும்.

இரண்டாவது பலகை கடல் பார்த்த மதில் மேல். இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவிலேயே நங்கூரமிடும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு அலை உடையும் இடத்தில் தரைதட்டினால் பலகை பிளந்துவிடும். மசூலாவோ தென்னை நார்க் கயிற்றால் தைத்தது. அடிபடும்போது வளைந்து கொடுக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பெரிய கப்பல்கள் இந்தக் கரையைத் தவிர்த்தன. மேலே நின்று அலையைப் பார்த்தபடி படித்தால் குழந்தைக்கும் புரியும்.

சேமிப்பறைகளுக்கான பலகையில் சரக்கு பற்றி எழுதலாம். இங்கிருந்து பருத்தித் துணி இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மக்காசாருக்குப் போனது, அங்கிருந்து கிராம்பு வந்தது. டச்சுக்காரர்கள் தமக்கே என்று வைத்துக்கொள்ள முயன்ற சரக்கு அது. பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாக வாங்கப்பட்டு இங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை மறைக்கக் கூடாது. சுற்றுலா இடம் என்பதற்காக அந்த வரியை நீக்கிவிட வேண்டாம்.

நான்காவது சிறியது. 1643-க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கம்பெனியே 1650-இல் கலைக்கப்பட்டது. எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். 1845-இல் வங்காளத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றதையும் இதிலேயே சேர்க்கலாம்.

ஐந்தாவது, அச்சு. தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வந்தது என்று பலரும் சொல்வது தவறு. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. 1706-இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வரவழைத்த அச்செழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. சீஸ் கட்டிகளோடு வந்த ஈய உறைகளை உருக்கி இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது.

இனி அமைப்பு முறை. உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருவேறும், ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழியும். எனவே கருங்கல்லே நல்லது, ஆனால் பளபளப்பாக மெருகேற்றக் கூடாது. நண்பகலில் கண் கூசி எழுத்து தெரியாது. சொரசொரப்பான முகத்தில் ஆழமாக வெட்டி வெள்ளை பூசலாம். இரண்டு மீட்டரில் நின்று படிக்க எழுத்து 2 செ.மீ. உயரம் வேண்டும். ஒரு பலகையில் 80 சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் தெரியும்படி தாழ்வாக, சாய்வாக வைக்க வேண்டும்.

முக்கியமாக, பழைய சுவரில் துளையிட்டு போல்ட் இறுக்க வேண்டாம். துருவேறிய போல்ட் பருத்துச் செங்கல்லை வெடிக்க வைக்கும். விரிசலில் உப்பு நீர் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக உதிரும். தனிப் பீடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு.

கல்லில் ஒற்றுப்பிழை விழுந்தால் திருத்த முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன் முழு அளவுத் தாள் நகலைக் கோட்டையிலேயே ஒரு மாதம் வைத்து, பொதுமக்கள் சொல்லும் பிழைகளை எழுதி வாங்கி, பிறகு சிற்பியிடம் கொடுக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: ஐந்து பலகைகளுக்கான வரைவு வாசகம், பலகை வைக்கும் இடங்களைக் குறித்த கோட்டை வரைபடம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்