புள்ளிநாய்க் குட்டி தேடும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா, சார்லட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் டாலஸ் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். எட்டு வாரக் குட்டி. சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள், ஒரு கண் பழுப்பு, மற்றது வெளிர் நீலம். அவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட, "எங்கே கிடைக்கும், எவ்வளவு?" என்று வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. "நீங்கள் லூசியானாவில்தானே இருக்கிறீர்கள், எனக்கும் ஒன்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார் நண்பர். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. சரி, கேட்ட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குட்டி கேட்டஹூலா லெப்பர்ட் டாக். லூசியானாவின் நடுப்பகுதியில் உள்ள கேட்டஹூலா என்ற பாரிஷின் பெயர்தான் அதற்கு. இங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். 1979-இல் இந்த மாநிலம் அதைத் தன் மாநில நாயாக அறிவித்தது. புள்ளிகளைப் பார்த்து லெப்பர்ட் என்கிறார்கள், அவ்வளவுதான். சிறுத்தையை வேட்டையாடும் நாய் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. இதே புள்ளிகளோடு அமெரிக்கன் லெப்பர்ட் ஹவுண்ட் என்று வேறு ஓர் இனமும் உண்டு. முன்பு அதை லெப்பர்ட் கர் என்று அழைத்தார்கள். ரக்கூனையோ கரடியையோ மோப்பம் பிடித்துத் துரத்தி, மரத்தில் ஏறவைத்து, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைப்பது அதன் வேலை. கேட்டஹூலாவின் வேலை பெரும்பாலும் தரையில்தான். மாடும் காட்டுப்பன்றியும்.

அந்த வேலையை நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர். வைக்கோலுக்குப் புல் வளர்க்கிறார், கொஞ்சம் மாடுகளும் உண்டு. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புகுந்தால் அவருடைய புல்வெளி ஏர் ஓட்டியதுபோல் கிடக்கும். இந்த நாட்டில் 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் இருப்பதாக அமெரிக்க வேளாண்துறை கணக்குச் சொல்கிறது. வேட்டை எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. ஆனால் அந்த வயலைப் பார்த்த பிறகு அவரிடம் எதிர்வாதம் பேச எனக்கு வாய் வரவில்லை.

விடியும் முன்பே போனோம். மூன்று நாய்கள், மூன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை, மார்பில் தடித்த துணிக் கவசம். கதவைத் திறந்ததும் சத்தமே இல்லாமல் இருட்டுக்குள் போய்விட்டன. ஹவுண்ட் எனும் மோப்ப வேட்டை நாய்கள் தடம் கிடைத்த நொடியிலிருந்து ஊளைக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடும், ஆறிப்போன பழைய தடத்தையும் விடாது. கேட்டஹூலா போன்ற கர் வகைப் பண்ணை நாய்கள் பொதுவாக அப்படியில்லை. சூடான தடமாகப் பார்த்து எடுத்து, வாயை மூடிக்கொண்டு ஓடி, இரையை நேரில் கண்ட பிறகே குரைக்கும். பெரியவர் கையில் இருந்த சின்னத் திரையில் மூன்று அம்புக்குறிகள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அரை மைலுக்கு அப்பாலிருந்து வந்தது, நறுக்கு நறுக்கென்று இடைவெளி இல்லாத குரைப்பு. "நிறுத்திவிட்டார்கள்" என்றார் அவர்.

சேற்றில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்தது இது. ஒரு பெரிய ஆண் பன்றி புதரை முதுகுக்கு வைத்து நிற்கிறது. ஒரு நாய் அதன் முகத்துக்கு நேரே, ஓரடி தூரத்தில். மற்ற இரண்டும் இரு பக்கங்களில். கடிக்கவில்லை. பன்றி பாய்ந்தால் விலகும், திரும்பி ஓடப் பார்த்தால் சுற்றி வந்து மறிக்கும், நின்றால் குரைக்கும். மனிதன் வரும்வரை அதை அங்கேயே வைத்திருப்பதுதான் வேலை. மாடுகளையும் இப்படித்தான் வளைத்துக் கூட்டமாக்கும் என்று பெரியவர் சொன்னார். பார்டர் காலி என்ற மேய்ப்பு நாய் பின்னாலிருந்து ஓட்டும், கேட்டஹூலாவோ மாட்டைச் சீண்டிவிட்டுத் தன்னைத் துரத்த வைத்து அப்படியே பட்டிக்குள் கூட்டிப் போகுமாம். வீடு திரும்பியதும் ஒரு நாயின் தொடையில் கொம்புப்பல் கிழித்த காயம் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து கழுவி, தைத்து, மருந்து போட்டார். அதுவரை அந்த நாய் முனகக்கூட இல்லை.

அந்த நாய்க்கு யாரும் பக்கத்தில் நின்று கட்டளை கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி தன்னைவிட இரண்டு மடங்கு எடை. எங்கே நிற்பது, எப்போது விலகுவது எல்லாம் அதுவே எடுத்த முடிவு. தலைமுறை தலைமுறையாக இந்தக் குணத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். இப்போது அதே குணத்தை உங்கள் டவுன்ஹவுஸுக்குள் கொண்டுபோய் வையுங்கள். காலை 20 நிமிட நடை, அப்புறம் எட்டு மணி நேரம் கூண்டு. சைக்கிளில் வரும் பக்கத்து வீட்டுப் பையனை அது மறித்து நிறுத்தி, முகத்துக்கு நேரே குரைக்கும். பார்சல் கொண்டுவருபவரையும் அப்படியே. "வெறி பிடித்த நாய்" என்று புகார் போகும். உண்மையில் அது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் நான் ஒரு விலங்குக் காப்பகத்தில் உதவிக்குப் போகிறேன். "கேட்டஹூலா கலப்பு", "பிளாக் மவுத் கர் கலப்பு" என்று அட்டை தொங்காத வாரமே அங்கே கிடையாது. பாதிக்கு மேல் எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். குட்டி அழகு முடிந்து வேலை கேட்கும் உடம்பு வரும் வயது அது.

'கர்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த அட்டையைப் பார்த்து முகம் சுளித்து நகர்ந்த நம் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆங்கில அகராதியில் அதற்குச் சொறிநாய், கலப்பட நாய் என்றுதான் பொருள். ஆனால் அமெரிக்கத் தெற்கில் அது ஒரு வகையின் பெயர். ஹவுண்ட் இல்லை, புல்டாக் இல்லை, குட்டை முடியும் கட்டான உடம்புமாக எல்லா வேலையும் செய்யும் பண்ணை நாய். அப்பலாச்சிய மலைகளில் குடியேறியவர்களின் வீட்டை அதுதான் காத்தது. அணிலையும் ரக்கூனையும் மரத்தில் ஏற்றிக் கொடுத்துச் சட்டியில் கறியும் விற்க ரோமத்தோலும் தந்தது. 1940-களில் ஆட்கள் மலையைவிட்டு ஆலை வேலைக்குப் போனபோது மவுண்டன் கர் என்ற அந்த மலை வகை ஏறக்குறைய காணாமலே போனது. கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா பக்கம் மீதமிருந்த நாய்களைத் தேடி, 1957-இல் நான்கு பேர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்படித்தான் அது பிழைத்தது. யுனைட்டெட் கென்னல் கிளப் மவுண்டன் கர், பிளாக் மவுத் கர் இரண்டையும் பதிவேட்டில் ஏற்றியது 1998-இல்தான். அதுவரை பெரிய கிளப்புகளின் காகிதம் எதுவும் இல்லாமல், வேலை ஒன்றை மட்டுமே பார்த்துக் காப்பாற்றப்பட்ட நாய்கள் இவை. 'நாட்டு நாய்' என்ற சொல்லை ஒரு காலத்தில் நாமும் இளக்காரமாகத்தானே சொன்னோம்?

இனி அந்தப் புள்ளிகளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அவைதான்.

சாம்பல் திட்டும் நீலக் கண்ணும் மெர்ல் என்ற மரபணுவால் வருபவை. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து அது வந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இருவரிடமிருந்தும் வந்தால் (இதுதான் இரட்டை மெர்ல்) குட்டியின் உடம்பில் பல நேரம் வெள்ளை கூடிப்போகும். உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் அங்கே ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். கண்ணும் சிறுத்துப் போகலாம். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெயின் குழு 2009-இல் 153 மெர்ல் நாய்களைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், ஒற்றை மெர்ல் நாய்களில் இரண்டு காதும் கேட்காதவை 0.9 சதவீதம். இரட்டை மெர்லில் 15 சதவீதம். ஒரு காது மட்டும் கேட்காதவை இன்னும் 10 சதவீதம்.

இது தெரிந்தும் ஏன் புள்ளியோடு புள்ளியைச் சேர்க்கிறார்கள்? நம்மால்தான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் புள்ளிக் குட்டிக்கு ஒரு விலை, வெறும் கறுப்புக்கோ மஞ்சளுக்கோ அதைவிடக் குறைந்த விலை. புள்ளியையும் ஒற்றை நிறத்தையும் சேர்த்தால் பாதிக் குட்டிகள்தான் புள்ளியோடு பிறக்கும். இரண்டும் புள்ளி என்றால் முக்கால்வாசி. அந்தக் கூடுதல் கால்வாசிக்காகத்தான். ஒவ்வொரு குட்டிக்கும் இரட்டை மெர்லாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, காது கேளாத ராஜபாளையம் குட்டிகளை நம் ஊரிலும் பார்த்தவர்கள்தானே நாம். மரபணு வேறாக இருக்கலாம், வாங்குபவர்களின் ஆசை ஒன்றுதான்.

எங்கள் வீட்டு நாய் முத்து அப்படிப் புள்ளியோடு புள்ளி சேர்த்துப் பிறந்த ஒருவன். ஒரு வளர்ப்பாளர் இணையத்தில் படம் போட்டு "அபூர்வ வெள்ளை லெப்பர்ட்" என்று கூடுதல் விலைக்கு விற்ற குட்டி. வாங்கிய குடும்பம் ஏழு மாதம் அதைப் பிடிவாதக்காரன் என்று திட்டியிருக்கிறது. காப்பகத்தில் நான் அதன் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன், திரும்பவில்லை. இரண்டு காதும் கேட்காது. வீட்டுக்கு வந்த பிறகு தரையை மிதித்து அதிர்வு கொடுத்துக் கூப்பிடப் பழகினோம், ராத்திரியில் கொல்லையில் டார்ச் அடித்துக் கூப்பிடுகிறோம். என் மகள் பதினாறு கை சைகைகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தூங்கும்போது தொடுவதற்கு முன் மூக்கருகே கையை வைக்கவேண்டும், இல்லையென்றால் பதறி எழும். நல்ல பிள்ளை. ஆனால் கயிறு இல்லாமல் ஒரு நாளும் ஓட முடியாது. ஓடுவதற்கென்றே பிறந்த இனம் அது. கொல்லை வேலிக்கு அப்பால் பெரியவரின் நாய்கள் ஓடுவதை அது நின்று பார்க்கும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். முன்பணம் அனுப்பும் முன் தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பாருங்கள். இரண்டுமே புள்ளி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒன்று ஒற்றை நிறம் என்றாலும் மெர்ல் மரபணுச் சோதனைத் தாளைக் கேளுங்கள், ஏனென்றால் மஞ்சள் நாய்களில் அது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். குட்டிக்குச் செவிச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்டதும் எரிச்சல்படுகிறவரிடம் வாங்காதீர்கள். புள்ளி இல்லாத குட்டியையும் கையில் எடுத்துப் பாருங்கள், வேலையிலும் குணத்திலும் அது ஒரு துளி குறைந்ததில்லை. தினமும் இரண்டு மணி நேரம் உங்களால் ஓட முடியாதென்றால் இந்த இனமே வேண்டாம், காப்பகத்தில் ஆறு ஏழு வயது அடங்கிய நாய்கள் காத்திருக்கின்றன. வளர்ந்த நாய்க்கு முழுச் செவிச் சோதனை முடியாவிட்டால்கூட, அதன் பின்னால் நின்று ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு முறை எங்கள் மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ் பக்கம் வாருங்கள். பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாடுகளை வளைப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாய்களை விடுவார். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்து வாருங்கள். முத்துவைப் பார்க்க வீட்டுக்குள் வரும்போது கதவைத் தட்டவேண்டாம், வராந்தாப் பலகையில் இரண்டு முறை மிதியுங்கள், அவன் வந்துவிடுவான்.

அன்புடன்,
முத்துவின் வீட்டுக்காரன்
லூசியானா